முதல் ஓலை வாசித்த இரவு

2019ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் என் மகனின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் திருச்சபை வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஆராதனைகளில் ஆயர் மணமக்களின் பெயர்களை வாசிப்பார். இவர்கள் ஒன்றுசேரத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பார். யாரும் எழுந்து எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றும் யாரும் சொல்லவில்லை. வாசலில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அன்று இரவு பதினொரு மணி இருக்கும். அயனாவரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தடை இருக்கிறது என்று என் மகனே சொன்னான்.

“அப்பா, எனக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு வந்ததே இல்லை. பதின்மூன்று வயதிலிருந்து ஆண்கள்மேல்தான். மாறிவிடும், மாறிவிடும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. அந்தப் பெண்ணை என்னால் ஏமாற்ற முடியாது.” தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பேசி முடிக்கும்வரை அந்தக் குழாயையே இறுக்கித் திருகிக்கொண்டிருந்தான்.

நான் பதிலுக்கு மூன்று வாக்கியங்கள் சொன்னேன். “யார் உன்னை இப்படிக் கெடுத்தது?” “அம்மாவுக்குத் தெரியுமா?” “அடுத்த ஓலைக்குள் சரியாகிவிடும், ஜெபம் பண்ணுவோம்.” மூன்றில் ஒன்றுகூட அவனைப் பற்றியது இல்லை. என் பயம், என் மானம், நான் அச்சடித்துவிட்ட பத்திரிகை, இவைதான் பேசின. அவன் “சரிப்பா” என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனான்.

இதை எழுதுவதற்கு அவனிடம் அனுமதி கேட்டேன். எழுது என்றான், பெயர் வேண்டாம் என்றான். எழுதியதை அனுப்பினேன்; இரண்டு இடங்களை நீக்கச் சொன்னான், நீக்கிவிட்டேன். இந்த ஒழுக்கத்தை நான் தாமதமாகத்தான் கற்றேன். அவன் வாழ்க்கையை யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது அவன் கையில் இருக்க வேண்டிய உரிமை. 2019இல் அதை நான் பிடுங்கினேன். அதிலிருந்துதான் மற்ற எல்லாக் கேடும் வந்தது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து 2017இல் ஓய்வு பெற்றவன். எங்கள் சபைக் கமிட்டியில் பதினோரு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். என் மகன் பதினைந்து வயதிலிருந்து பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவன். எந்தப் பாமாலைப் பாட்டின் எண்ணைச் சொன்னாலும் புத்தகத்தைப் பார்க்காமல் தொடங்குவான்.

அவன் சொல்வதற்கு முன்பே நான் கவனித்திருக்க வேண்டிய ஒரு நாள் உண்டு. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, வியாழக்கிழமை, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றம் ஆகாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் திருத்திப் பொருள் சொன்னது. அடுத்த ஞாயிறு எங்கள் சபைக்கு வந்திருந்த பிரசங்கியார் அந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொண்டார். தேசம் சோதோமாகிவிட்டது, பாவத்துக்காகக் கடவுள் அழித்த ஊர் போல ஆகிவிட்டது என்றார். மேல்நாட்டு அசுத்தம் கப்பலேறி வந்துவிட்டது என்றார். நான் மூன்றாவது வரிசையிலிருந்து உரக்க “ஆமென்” சொன்னேன். பிரசங்கம் முடிந்ததும் பாட்டுக்குச் சுருதி கொடுக்க வேண்டிய என் மகன் தவறான கட்டையில் தொடங்கினான்; சபையால் எட்டிப் பாட முடியவில்லை. பத்தாண்டுகளில் அவன் அப்படித் தவறியதே இல்லை. வீட்டுக்கு வந்ததும், தூங்கிக்கொண்டிருந்தாயா என்று திட்டினேன். கப்பலேறி வந்தது அந்தத் தண்டனைப் பிரிவுதான், 1860இல் வெள்ளைக்கார அரசு எழுதியது அது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

முதல் ஓலைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையே நான் ஆயரைப் பார்க்கப் போனேன். மகனிடம் கேட்கவில்லை. ஆயர் நல்லவர், கண் கலங்கினார், முழங்காலில் நின்று ஜெபித்தார். பிறகு வீட்டில் ஆயரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பு வந்தது: “கல்யாணம் குறித்த ஒரு வீட்டில் மகன் சாத்தானின் கட்டுக்குள் இருக்கிறான், பெயர் வேண்டாம், பாரத்தோடு ஜெபியுங்கள்.” அந்த மாதம் ஓலை வாசித்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் தாம்பரத்தில் பெண் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

நம்முடைய சபைகளில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எவ்வளவு புறங்கூறல் நடக்கிறது என்பதை உள்ளே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சொல்பவருக்கு அது பாவமாகவே தோன்றாது, ஏனென்றால் கண்ணீரோடு சொல்கிறார். ஆகவே பெற்றோருக்கு என் முதல் வேண்டுகோள்: பிள்ளை உங்களிடம் சொன்னால், அதே இடத்தில் அவனிடமே கேளுங்கள், “இது வேறு யாருக்குத் தெரியும்? நான் யாரிடம் சொல்லக் கூடாது?” என்று. அவன் அனுமதி கொடுக்கும்வரை ஆயர், மாமா, சித்தப்பா எவரிடமும் வாய் திறக்காதீர்கள். உங்களுக்குத் தாங்க முடியவில்லை என்றால், உங்கள் குடும்பத்தையும் சபையையும் அறியாத ஒரு ஆலோசகரிடம் போங்கள். கடவுளிடம் சொல்லுங்கள், அவர் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார்.

எங்கள் மகளுக்கு நான்கு ஆண்டுகளாகவே தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. தம்பி கல்லூரியில் படிக்கும்போதே அவளிடம் சொல்லியிருக்கிறான். ஏன் எங்களிடம் மறைத்தாய் என்று கேட்டேன். “நீங்கள் ஆமென் சொல்வது எனக்குக் கேட்டதே அப்பா” என்றாள்.

தாம்பரத்துக்கு நான் தனியாகப் போனேன். பெண்ணின் தகப்பனார் என்னை உட்காரச் சொல்லவில்லை. அவர் கோபம் முழுக்க நியாயம். அந்தப் பெண்தான் உள்ளேயிருந்து வந்து, “உங்கள் மகன் ஓலைக்கு முன்பே சொல்லியிருக்கலாம் அங்கிள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லாமல் இப்போதாவது சொன்னாரே” என்றாள். இருபத்துமூன்று வயது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் அவளை மருந்தாகப் பயன்படுத்தப் பார்த்திருக்கிறேன் என்று. கால் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்கிறோம். யார் காலை, எந்தக் கட்டையில் கட்டுகிறோம்? அப்படி நடந்த கல்யாணங்கள் சிலவற்றை இப்போது நான் அறிவேன். அந்தப் பெண்கள் தங்களிடம்தான் ஏதோ குறை என்று ஆண்டுக்கணக்கில் அழுதவர்கள். கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்து இன்றும் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான வழியே 2001இல்தான் அதில் சேர்ந்தது. சட்டம் பிரித்துவிட்டாலும், விவாகரத்தான பெண்ணைச் சபை எப்படிப் பார்க்கும் என்பது நமக்குத் தெரியும். தன்பாலீர்ப்புள்ள மகனுக்குப் பெண் தேடுகிற தகப்பன், வேறொருவர் மகளுக்குக் குழி வெட்டுகிறான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

கல்யாணம் நின்றபின், உறவுக்காரர் ஒருவர் சொல்லி, செங்குன்றத்தைத் தாண்டி, ஆவி விரட்ட ஜெபிக்கும் ஒரு விடுதலை ஊழிய வீட்டுக்கு அவனை அழைத்துப் போனேன். மூன்று நாள் உபவாசம். அவன் மறுக்கவில்லை, அம்மா அழுததால் வந்தான். மூன்றாம் நாள் இரவு நான்கு பேர் அவனைச் சுற்றி நின்று, அவன் பெயரைச் சொல்லாமல் “அசுத்த ஆவியே, வெளியே வா” என்று கத்தினார்கள். தலையில் எண்ணெய் ஊற்றினார்கள். அது நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போனது. அவன் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். ஆவி எதிர்க்கிறது, பிடியுங்கள் என்றார்கள். தோளைப் பிடித்து அழுத்தியது நான். அவனுடைய தோள் எலும்பு என் உள்ளங்கையில் நடுங்கியது இன்றும் எனக்குத் தெரிகிறது. கடைசியில் அவன் “போய்விட்டது” என்று சொன்னான். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், அதனால் சொன்னேன் என்று இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் சொன்னான்.

அந்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையில் எண்ணெய்க் கறை. என் மனைவி சோப்பு, சோடா, எலுமிச்சை எல்லாம் போட்டுத் துவைத்துப் பார்த்தாள். போகவில்லை. அதைத் தூக்கிப் போடவும் அவளுக்கு மனமில்லை, பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு மருத்துவர். மாத்திரை எழுதினார், உடற்பயிற்சி செய்யச் சொன்னார், கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார். மருத்துவமே சொல்லிவிட்டது என்று நான் நிம்மதி அடைந்தேன். உண்மையில் மருத்துவம் அப்படிச் சொல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர்களின் சங்கமும் இது மனநோய் அன்று என்று 2018இல் அறிவித்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: “என் மகனை மாற்றப் பார்க்கிறீர்களா, அல்லது அவன் மன வேதனைக்கு உதவப் பார்க்கிறீர்களா?” மாற்றுவதாகச் சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும். இன்று சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் நடப்பதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்தது.

அந்த ஆகஸ்டில் அவன் வேளச்சேரியில் நண்பர்களோடு அறை எடுத்துப் போய்விட்டான். அம்மாவுக்கு மட்டும் மாதம் ஒருமுறை போன். அந்தக் கோடையில் அவன் மனத்தில் எவ்வளவு இருட்டு இருந்தது என்பதைப் பிறகு சொன்னான். சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் நம் சென்னையில் 1986 முதல் இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியும் இப்போது கிடைக்கிறது. உங்கள் பிள்ளை பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால் உபவாசக் கூட்டம் தேடாதீர்கள், இங்கே பேசுங்கள். என் மகன் தன் கீபோர்டைச் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு, அதாவது பிள்ளைகளின் ஞாயிறு வகுப்புக்கு, கொடுத்துவிட்டுப் போனான். காணிக்கை என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீத பவனி வந்தது. வேனில் பாடகர் குழு இரவெல்லாம் வீடு வீடாகப் போவார்கள்; எங்கள் தெருவுக்கு எப்போதும் ஒரு மணிக்கு மேல்தான் வருவார்கள். எங்கள் வீட்டில்தான் தேநீரும் கேக்கும் என்பது பல ஆண்டு வழக்கம். என் மனைவி நாற்பது காகிதக் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வைத்திருந்தாள். வேன் நின்றது. வாசலுக்கு வெளியே நின்றபடியே ஒரு பாட்டின் ஒரு அடியைப் பாடினார்கள். ஒருவர் வந்து காணிக்கை உறையை வாங்கிக்கொண்டார். “நேரமாகிவிட்டது அண்ணே” என்றார். அடுத்த வீட்டில் மூன்று பாட்டு கேட்டது. என் மனைவி அந்தத் தேநீரைக் காலை வரைக்கும் கொட்டவில்லை.

அன்றைக்கு எனக்குச் சபைமேல் கோபம் வந்தது. கோபத்தின் பாதியில், இது என் மகன் பத்தாண்டுகளாக அந்தக் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அனுபவித்தது என்று புரிந்தது. அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமலே அவன் முன்னால் எல்லோரும் பேசியிருக்கிறோம்.

நான் திரும்பியதற்குக் காரணம் ஒரு நாளிதழ்ச் செய்தி. 2021 ஜூன், முழு ஊரடங்கு, வீட்டை விட்டு வெளியே போக வழியில்லை. மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 7ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டிருந்தார். காவல்துறைக்கும் மருத்துவர்களுக்கும் அரசுக்கும் அவர் சொன்னவை பல. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டு, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதியிருக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதி மாணவனாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு பொருளாளருக்கு என்ன கூச்சம் என்று அன்று மாலை என் மனைவியிடம் கேட்டேன். அவள், “இரண்டு வருடமாக இதைத்தானே சொல்கிறேன்” என்றாள்.

மகள் ஒரு ஆலோசகரைத் தேடித் தந்தாள். வீடியோ அழைப்பில் ஆறு முறை பேசினேன். முதல் இரண்டு முறையும் நான் வேதவசனம் சொல்லி வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் மகனைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது?” என்று மட்டும் கேட்டார். சொற்களையும் அவர்தான் திருத்தினார். நான் அதுவரை பயன்படுத்திய சொல் ஒவ்வொன்றும் வசைச்சொல். தன்பாலீர்ப்பு என்ற சொல்லை அவரிடம்தான் முதலில் கேட்டேன். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசே 2022இல் இத்தகைய மரியாதைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டது. ‘ஓரினம்’ என்ற சென்னைக் குழு இணையத்தில் தமிழிலேயே நிறைய எழுதி வைத்திருக்கிறது. பெற்றோர் எழுதியவையும் அதில் உண்டு. வாசித்தால் தனியாக இல்லை என்பது தெரியும்.

பிறகு மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் நான்கு வரி நின்றது. “அன்று உன் தோளைப் பிடித்து அழுத்தியது நான். அது தவறு. இனி உன்னை மாற்ற முயல மாட்டேன். நீ எப்போது வந்தாலும் உன் தட்டு இங்கே இருக்கிறது.” முதலில் எழுதியதில் ஐந்தாவது வரியாக “ஆனால் வேதம் சொல்வதையும் யோசி” என்று இருந்தது. என் மனைவி படித்துவிட்டு அதை அழிக்கச் சொன்னாள். அந்த வரி இருந்திருந்தால் அவன் வந்திருக்க மாட்டான். பத்தொன்பது நாள் கழித்து “சரிப்பா” என்று பதில் வந்தது. மொட்டை மாடியில் சொன்ன அதே சொல். அவன் வீட்டுக்கு வர மேலும் நான்கு மாதம் ஆயிற்று. அவசரப்படுத்தாதீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தைவிட அதிகமான காலம் எடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு.

வேதத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் சபையார் என்னை விட மாட்டார்கள், விடவும் கூடாது. நான் வேதத்தை நம்புகிறவன். ஆணோடு ஆண் சேர்வதைக் கண்டிப்பதாகக் காட்டப்படும் லேவியராகமம் 18, ரோமர் 1, முதலாம் கொரிந்தியர் 6 இந்த மூன்றும் என் முன்னால் இருக்கின்றன. இவற்றை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் திருச்சபைகளே பிரிந்து நிற்கின்றன. ரோமர் முதல் அதிகாரத்தை நான் இன்னும் முழுதாகப் புரிந்துகொண்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சோதோமைப் பற்றிப் பிரசங்கியார் அன்று சொன்னதை வேதத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஆதியாகமம் 19இல் ஊரார் கூடி வந்தது, அடைக்கலம் தேடி வந்த விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்ய. எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமம் என்று எண்ணிச் சொல்வது கெர்வத்தையும், ஆகாரத்திரட்சியையும் (உணவு மிகுதியையும்), எளியவன் கையைப் பலப்படுத்தாமல் விட்டதையும். லூக்கா 10இல் இயேசு சோதோமை நினைவூட்டுவது, தம் சீஷரை ஏற்றுக்கொள்ளாத ஊரைப் பற்றிப் பேசும்போது. இதைப் படித்த இரவு எனக்கு அந்த நாற்பது கோப்பைகள் நினைவுக்கு வந்தன.

முதலாம் கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தின் பட்டியலில் பொருளாசைக்காரர் இருக்கிறார்கள், வெறியர் (குடிகாரர்) இருக்கிறார்கள், உதாசினர் (பிறரைத் தூஷிப்பவர்) இருக்கிறார்கள். நான் பொருளாளராக இருந்த பதினோரு ஆண்டுகளில், வரதட்சணை வாங்கிய எவரையும் நாங்கள் செங்குன்றத்துக்கு அழைத்துப் போனதில்லை. அவர்கள் வீட்டு வாசலில் கீத பவனி நின்று பாடாமல் போனதில்லை. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு சொல்லை மட்டும் கல்லாக எடுத்துக்கொண்டோம். சின்னவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்ற வசனத்தை நான் எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது அதை எனக்கே வாசிக்கிறேன்.

பெரம்பூரில் எனக்கு ஒரு கத்தோலிக்க நண்பர் உண்டு, ஐ.சி.எஃப்.பில் கூட வேலை செய்தவர். அவர் தங்கள் மறைக்கல்வி ஏட்டைக் கொண்டுவந்து 2358ஆம் எண்ணைக் காட்டினார். தன்பாலீர்ப்புச் செயல்களை ஏற்காத அதே ஏடு, இவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் கனிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்கிறது. 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ், தன்பாலீர்ப்பு குற்றம் ஆகாது என்று வெளிப்படையாகச் சொன்னார். போதனையை மாற்றிக்கொள்ளாத ஒரு சபையே நடத்தை விஷயத்தில் இவ்வளவு தூரம் வர முடிகிறது. ஆனால் 377ஆம் பிரிவு வழக்கில், தண்டனை இருக்கட்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. கேரளத்தின் அப்போஸ்தலிக் சபைகள் கூட்டமைப்பு, ஒடிசாவின் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சில். பாவம் என்று நம்புவது ஒன்று, அதற்காக ஒருவனைச் சிறையில் போடு என்று அரசிடம் கேட்பது வேறு. நான் அன்று சொன்ன “ஆமென்” இரண்டாவதற்கும் சேர்த்துத்தான்.

வேதப்பொருள் பற்றிய விவாதம் என் காலத்தில் முடியாது. அது முடியும்வரை என் மகனை எப்படி நடத்துவது என்பதைத் தள்ளிப்போட முடியாது என்று ஆயரிடம் சொன்னேன். முன்பிருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார். இவர் இளையவர், கேட்கிறவர். சபைக் கமிட்டிக்கு மூன்று வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்தேன். ஒன்று, பிரசங்க பீடத்திலிருந்து இவர்களைக் கேலியாகவோ அருவருப்பாகவோ பேசக் கூடாது. இரண்டாவது, ஒரு வாலிபனோ பெண்ணோ ஆயரிடம் மனம் திறந்தால், அவர்கள் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்கும் சொல்லக் கூடாது, ஜெபக்குறிப்பிலும் வரக் கூடாது. விடுதலை ஊழியத்துக்கு அனுப்பவும் கூடாது. மூன்றாவது, இந்தக் காரணத்துக்காக ஒருவரைப் பாடகர் குழுவிலிருந்தோ வேறு பணியிலிருந்தோ விலக்கக் கூடாது.

இதைச் செய்ய நினைக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு செய்தி. கூட்டத்தில் எழுந்து முழங்காதீர்கள். நான் முதல் முறை அப்படிச் செய்ததில், எல்லோரும் எனக்கு எதிராக ஒன்றாகிவிட்டார்கள். இரண்டாம் முறை கமிட்டி உறுப்பினர்களை ஒவ்வொருவராக வீட்டில் போய்ப் பார்த்தேன். வேதாகமத்தைத் திறக்கவில்லை. அந்தச் சட்டையை எடுத்துப் போய்க் காட்டினேன். கீத பவனியில் உறை வாங்கிய அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். முதல் இரண்டு வேண்டுகோள்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. மூன்றாவது நிற்கிறது, சபை பிளந்துவிடும் என்கிறார்கள்.

மகன் இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு சாப்பிட வருகிறான். சில நாள் அவனுடைய துணைவரும் வருகிறார். முதல் நாள் அவரை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் என் மனைவி திண்டாடினாள்; இப்போது “தம்பி, இன்னும் ஒரு கரண்டி குழம்பு” என்கிறாள். கல்யாண உரிமையை 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்தபோது இருவரும் இங்கேதான் இருந்தார்கள், தொலைக்காட்சியை அணைக்காமல் கடைசிவரை பார்த்தார்கள். நான் பேச எதுவும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சபைக்கு அவன் வருவதில்லை. மூன்றாவது வேண்டுகோள் நிறைவேறினால் வருவாயா என்று ஒருமுறை கேட்டேன். தெரியவில்லை அப்பா என்றான். ஓய்வுநாள் பள்ளிக்கு அவன் கொடுத்த கீபோர்டில் மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் வேலை செய்வதில்லை. அதைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டம் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும். மூன்றாவது வேண்டுகோளை மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.